அண்ணிக்கு ஆரம்பநிலைத் தேர்வு

சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நேராகப் பேசிக்கொள்வதில்லை. அவர்களுடைய பேச்சு மூன்றாவது ஆளைச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தது.

"ஜாம் பாட்டில் அந்தப் பக்கம் இருக்கு, அண்ணா," என்றாள் சின்னு.

ஜாம் பாட்டில் அண்ணியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; ஊருக்கு அவர் கண்ணாடிக்காரர். கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"ஜாம் வேணுமாம்."

"காது கேக்குது."

அண்ணி பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தங்கை பக்கம் நகர்த்தினார். பிறகு ரொட்டித்துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கண்ணாடிக் கடை நடத்தறேனா, தபால் ஆபீஸ் நடத்தறேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை. யார் முதலில் சிரிப்பது என்பதில்தான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டைதான் இதற்கெல்லாம் காரணம்.

சின்னு வேலை பார்த்த பல் மருத்துவமனை மூடப்பட்டது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனவள், இனி கம்ப்யூட்டர் பக்கம் போவதென்று முடிவெடுத்தாள். அந்தத் துறையில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு ஓர் ஆரம்பநிலைச் சான்றிதழ் தேர்வு உண்டு. அதற்காக இதே மேஜையில் மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி அந்தத் துறையில் இருப்பவள். பதினெட்டு வருஷமாக ஒரு மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டர்களும் ஸ்கேனர்களும் லேபிள் பிரிண்டர்களும் அவள் பொறுப்பில்தான் ஓடுகின்றன. அந்தக் கிடங்கு சமீபத்தில் கைமாறியது. புதிய நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: இயந்திரங்களைத் தொடுகிற எல்லோரிடமும் அந்த ஆரம்பநிலைச் சான்றிதழ் இருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை யாருக்கும் விலக்கு இல்லை. கெடு நாளைக் காலை முடிகிறது. சான்றிதழ் இல்லாதவர்களின் அட்மின் அனுமதி அப்போது ரத்தாகும்.

அட்மின் அனுமதி இல்லாவிட்டால் அண்ணி சர்வர் அறைக்குள் போக முடியாது. எந்த இயந்திரத்தின் அமைப்பையும் மாற்ற முடியாது. தொலைபேசியை எடுத்து, புகாரைக் கேட்டு, வேறொருவருக்கு அனுப்பிவைக்கும் நாற்காலிதான் கிடைக்கும்.

"பல் தேய்க்கறதுக்கும் நான் பரீட்சை எழுதணுமா?" என்று உத்தரவு வந்த அன்றே கேட்டுவிட்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இருந்தாள் அண்ணி. அப்போது அவர்கள் சுமுகமாக இருந்தார்கள். அதனால் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மையத்தில் இடம் பதிவு செய்தாள் சின்னு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரித் தேர்வை அண்ணி முன்னால் வைத்தாள். காய் நறுக்கிக்கொண்டே அண்ணி பதில் சொன்னாள். முடிவில் சிவப்பு எழுத்தில் தோல்வி என்று வந்தது.

ஒரு கேள்விதான் வாக்குவாதமானது. பிரிண்டரில் அச்சு சரியாக வரவில்லை என்று ஒருவர் புகார் சொல்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? அச்சுத் தலையைத் துடைப்பேன் என்றாள் அண்ணி. என்ன மாறியது என்று அவரிடம் கேட்பேன் என்பதுதான் சரியான விடை என்றாள் சின்னு.

"பதினெட்டு வருஷமா நான் கையால செய்யறதை நீ மனப்பாடம் பண்ணிட்டு வந்து எனக்கு மார்க் போடறியா?" என்றாள் அண்ணி.

சின்னு கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஜாம்கூட அண்ணன் வழியாகத்தான் போகிறது.

"ரெண்டு மணிக்குத்தானே பரீட்சை?" என்று பொதுவாகக் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஆமா," என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில். உடனே இருவரும் டீயைக் குடிக்கத் தொடங்கினார்கள்.

*

கிடங்குக்குள் நுழைந்ததும் புது மேலாளர் எதிரே வந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். அதுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம்.

"இன்னைக்குத்தானே உங்க தேர்வு? மத்தவங்க எல்லாம் முடிச்சுட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி."

"தெரியும் சார்."

"உங்களுக்கு என்ன, கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவீங்க."

அண்ணி சிரித்து வைத்தாள்.

நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, லேபிள் பிரிவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்கள் ஒரு பிரிண்டரில் வெறும் வெள்ளையாக வெளியே வந்துகொண்டிருந்தன. பெட்டிகள் உருளைப்பாதையில் வரிசை கட்டி நின்றன. வெளியே லாரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இது அவளுடைய இடம்.

இந்த வகை பிரிண்டரில் மை கிடையாது. லேபிள் தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும். சூடு பட்டால் அந்தப் பூச்சு கறுக்கும். அச்சுத் தலை என்பது உண்மையில் வரிசையாக அடுக்கிய மிக நுண்ணிய சூடேற்றிகள்தான். எங்கே கறுப்பு வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு கணம் சுட்டு எடுக்கும். தாள் நகர நகர, எழுத்தும் கோடும் உருவாகும். அந்தத் தலையில் தூசி படிந்தால் சூடு தாளுக்குப் போகாது, அச்சு மங்கும். கிடங்கில் தூசிக்குப் பஞ்சமில்லை. எனவே பத்தில் ஒன்பது தடவை தலையைத் துடைத்தால் வேலை முடிந்துவிடும்.

அண்ணி மூடியைத் திறந்து தலையைத் துடைத்தாள். மூடினாள். பொத்தானை அழுத்தினாள். வெள்ளை.

சூட்டின் அளவை ஏற்றினாள். வெள்ளை.

கம்பியை மாற்றினாள். பிரிண்டரை அணைத்துப் போட்டாள். பக்கத்துப் பிரிண்டரின் தலையையே கழற்றி இதில் பொருத்திப் பார்த்தாள். அதற்கே நிறைய நேரம் ஆனது. அப்போதும் வெள்ளை.

லேபிள் பிரிவின் மேற்பார்வையாளர் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"காலையில வந்தப்போ நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாள் அண்ணி, பேச்சுக்கு.

"ஓடிச்சு மேடம். புது ரோல் மாட்டினோம், அதுல இருந்துதான் இப்படி."

அண்ணியின் கை அப்படியே நின்றது.

"புது ரோலா? பழைய பெட்டியில இருந்தா?"

"இல்ல, நேத்து வந்த பெட்டி. பார்க்க அதே மாதிரிதான் இருந்துச்சு."

லேபிள் தாளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அந்தப் பூச்சு இருக்கும். மற்றதில் இருக்காது. அதற்கு மை நாடா தனியாக வேண்டும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது: நகத்தால் அழுத்திக் கீறினால், உரசலில் பிறக்கும் சூட்டுக்கே பூச்சுள்ள தாளில் கறுப்புக் கோடு விழும்.

அண்ணி கீறினாள். கோடு விழவில்லை.

"பழைய ரோலையே போடுங்க. இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பணும்."

லேபிள்கள் கறுப்புக் கோடுகளோடு சடசடவென்று வெளியே வந்தன. பெட்டிகள் நகர்ந்தன.

"நகத்தாலயே கண்டுபிடிச்சுட்டீங்களே மேடம்."

பாராட்டு அண்ணியின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. நகத்தால் கண்டுபிடித்தது சரிதான். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த நகம் இருக்காது. ஆனால் வந்தவுடன் என்ன மாறியது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பிரிண்டர் தலையைக் கழற்றியே இருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கும்போது எந்தப் பதிலைச் சொல்லிச் சண்டை போட்டாளோ, அதே பதிலை இன்று காலை கையால் எழுதியிருக்கிறாள். இன்றும் தப்பு.

*

சர்வர் அறையில் எப்போதும் குளிர். விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். கடைசி அலமாரிக்குப் பின்னால், கம்பிக் கட்டுகளுக்கு அருகே குந்தி உட்கார்ந்தால் வாசலில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தலை மட்டும்தான் தெரியும். ஏதோ கேபிள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கே குந்திக்கொண்டு அண்ணி கைபேசியில் மாதிரித் தேர்வைத் திறந்தாள்.

நெட்வொர்க் கேள்விகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக இருந்தன. ஸ்கேனர், சேமிப்புத் தட்டு, மின்வழங்கி, எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் லேசர் பிரிண்டர் வந்தது. தாளில் எழுத்து வரும் முறையின் படிகளை வரிசைப்படுத்தச் சொன்னது. அண்ணி விழித்தாள். கிடங்கில் லேசர் பிரிண்டரே கிடையாது. அலுவலகத்தில் இருக்கும் ஒன்றை ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

மடிக்கணினித் திரைகளின் வகைகள். கைபேசியில் வரும் கோளாறுகள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் ஒழுங்குமுறை. கிடங்கில் வைரஸ் புகுந்தால் அவள் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடுவாள். தேர்வு வேறு மாதிரி கேட்டது.

எதுவும் கஷ்டமாக இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவளுக்குப் புரியாத விஷயம் என்று ஒன்றும் இல்லை; அவள் பக்கம் வந்தே இராத விஷயங்கள் இருந்தன. பதினெட்டு வருஷமும் ஒரே வீட்டுக்குள் எல்லா விளக்கையும் இருட்டில் தடவிப் போடத் தெரிந்தவள், பக்கத்து வீட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது.

சிவப்பு எழுத்து மறுபடியும் வந்தது. போன தடவையைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சிவப்பு.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, ஒழுங்காக இருந்த கம்பியையே ஒழுங்குபடுத்தினாள். பிறகு கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ," என்றாள் சின்னு, யாரென்று தெரியாதவளைப் போல.

"கிளம்பிட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"சீக்கிரம் கிளம்பு. என் பஸ்லயே வா. நான் பின்னாடி சீட்ல இருப்பேன்."



"அண்ணன் சொல்லி அனுப்பலையா?"

"சின்னு."

"சரி, வர்றேன்."

*

பஸ்ஸில் கூட்டம் இல்லை. சின்னு ஏறும்போதே கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். திரையில் ஒரு சின்ன அலுவலகத்தின் வரைபடம். பெட்டிகளும் கம்பிகளுமாக இருந்தது. பின் சீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"என்ன விஷயம்?"

"லேசர் பிரிண்டர் எப்படி வேலை செய்யுது?"

சின்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதே."

"சிரிக்கலை. உங்களுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? எல்லாம் கையிலயே இருக்கே."

"குத்திட்டியா? போதுமா? இப்போ சொல்லு."

போதவில்லை என்று சின்னுவின் முகம் சொன்னது. ஆனால் அவளால் அந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் படித்ததிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

"உள்ள ஒரு உருளை இருக்கு. அதோட மேல்பூச்சு ஒரு விசித்திரமான பூச்சு. இருட்டுல மின்னூட்டத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வெளிச்சம் பட்ட இடத்துல விட்டுடும். அவ்வளவுதான் சூட்சுமமே."

"மேல சொல்லு."

"முதல்ல உருளை முழுக்க மின்னூட்டம் ஏத்தறாங்க. அப்புறம் லேசர் வெளிச்சத்தால அது மேல எழுதறாங்க. வெளிச்சம் பட்ட இடத்துல மட்டும் மின்னூட்டம் குறைஞ்சுடும். இப்போ உருளை மேல உங்க கடிதம் இருக்கு, ஆனா யார் கண்ணுக்கும் தெரியாது."

"மின்சாரத்தால எழுதின கடிதம்."

"ஆமா. அப்புறம் டோனர் பொடி வருது. அது லேசர் எழுதின இடத்துல மட்டும் போய் ஒட்டிக்கும். அடியில தாள் வரும். தாளுக்கு அடியில இருந்து எதிர் மின்னூட்டம் இழுக்கும், பொடி தாளுக்குத் தாவிடும். ஆனா இன்னும் அது வெறும் பொடிதான், ஊதினா பறந்துடும். கடைசியா ரெண்டு சூடான உருளைக்கு நடுவுல தாள் போகும். பொடி உருகி ஒட்டிக்கும். அதனாலதான் புதுசா வந்த தாள் கைக்கு வெதுவெதுன்னு இருக்கும்."

அண்ணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எத்தனை தடவை அந்தச் சூட்டை உணர்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

"அப்போ தாளை எடுத்துத் தடவினா எழுத்து அழிஞ்சு கையில ஒட்டுதுன்னு ஒருத்தர் புகார் சொன்னா, கடைசி உருளை சூடாகலைன்னு அர்த்தம்."

சின்னு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அது அப்படியே பரீட்சையில வர்ற கேள்வி."

"உருளையை வெளிச்சத்துல திறந்து வச்சா கெட்டுடுமே."

"கெட்டுடும். மூடி வைக்கணும். அதுவும் வரும்."

பஸ் திருப்பங்களில் சாய்ந்து சாய்ந்து போனது. அண்ணி கேட்டுக்கொண்டே வந்தாள். திரை வகைகள், வைரஸ் ஒழுங்குமுறை, ஒவ்வொன்றாக. சின்னு சொன்னாள். ஒன்றைச் சொன்னால் அண்ணி அதன் விளைவு மூன்றைத் தானே கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு தடவை சின்னுவின் கை பைக்குள் போய்க் கைபேசியைத் தொட்டது. அதற்குள் அண்ணி அடுத்ததைக் கேட்டுவிட்டாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க," என்றாள் சின்னு, இறங்கும் இடம் நெருங்கியபோது. "படக் கேள்விதான் முதல்ல வரும். பெட்டி, கம்பி எல்லாம் இழுத்து மாட்டச் சொல்வாங்க. அதுல உட்கார்ந்தா நேரம் போயிடும். தொடாம விட்டுட்டுப் போயிடுங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கடைசியில வந்து பாருங்க."

"உத்தரவு, டீச்சர்."

"இன்னொண்ணு. உங்க கிடங்குல என்ன செய்வீங்கன்னு யோசிக்காதீங்க. கேள்வியில இருக்கிற ஆளு புதுசா வேலைக்கு வந்தவன். அவன் என்ன செய்யணும்னு யோசிங்க."

*

தேர்வு மையத்தில் எல்லாவற்றையும் பூட்டறையில் வைக்கச் சொன்னார்கள். கைபேசி, பை, கைக்கடிகாரம், பாக்கெட்டில் கிடந்த ஒரு திருப்புளி. சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். மேற்பார்வையாளர் அண்ணியின் கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் கேமரா இல்லையே?"

"எங்க வீட்டுக்காரர் செஞ்சது. கேமரா வைக்கிற அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் பத்தாது."

சின்னுவுக்கு அந்தக் கோடியில் இடம். இடையில் தடுப்புப் பலகைகள்.

முதல் கேள்வி படக் கேள்விதான். ஒரு சின்ன அலுவலகம், இணைக்கப்படாத கருவிகள், கீழே குவியலாகக் கம்பிகள். அண்ணியின் விரல் தானாக நகர்ந்தது. இது அவள் வீடு. ஆனால் சொன்னபடி விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அடுத்தடுத்த கேள்விகள் அவளைப் பாடாய்ப் படுத்தின. நான்கு விடைகளில் இரண்டு எப்போதும் சரியாகவே தோன்றின. ஒரு கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைகிறது என்றால் அண்ணிக்கு ஐந்து காரணங்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமும் ஒரு கதையும் தெரியும். கேள்விக்கு ஒரு காரணம் போதும். அதிகம் தெரிந்திருப்பதும் இங்கே ஓர் இடைஞ்சல்தான். புதிதாக வந்த அந்த ஆளை மனதில் நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு அனுபவம் இல்லை. ஆகவே அவன் கேட்பான். கேட்டுவிட்டுத்தான் தொடுவான்.

லேசர் பிரிண்டர் வந்தது. தாளைத் தடவினால் எழுத்து அழிகிறதாம். பஸ்ஸின் கடைசி சீட்டில் சின்னுவின் குரல் கேட்டது.

கடைசியில் படக் கேள்விக்குத் திரும்பியபோது சொற்ப நேரமே இருந்தது. அண்ணியின் கைக்கு அது போதும். பெட்டிகளை இழுத்து, கம்பிகளை மாட்டி, கண் இமைக்கும் நேரத்தில் முடித்தாள்.

திரை ஒரு நொடி வெறுமையாக நின்றது. பிறகு எழுத்துகள் வந்தன.

தேர்ச்சி. கோட்டைத் தாண்டி ஒரு காலடி, அவ்வளவுதான். அந்தக் காலடி எந்தக் கேள்விகளில் கிடைத்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

*

சின்னு வெளியே, கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். முதுகைப் பார்த்ததுமே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் தள்ளினாள்.

"பாஸா?" என்று கேட்டாள் சின்னு, திரும்பாமல்.

"ம்."

"நினைச்சேன்."

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு குறைஞ்சுது?"

"கடைசி ரெண்டு பக்கம் திறக்கவே இல்ல. நேரம் முடிஞ்சுடுச்சு."

"உனக்கா நேரம் பத்தலை? அத்தனையும் உனக்குத் தலைகீழாத் தெரியுமே."

"முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துட்டேன்."

"படக் கேள்வியா? விட்டுட்டுப் போன்னு எனக்குச் சொன்னதே நீதானேடி."

"சொன்னேன்." சின்னு காலணியின் வாரை இழுத்து இழுத்துவிட்டாள். "விட்டுட்டுப் போக மனசு வரலை. அந்தப் பரீட்சையிலேயே மனப்பாடம் பண்ண முடியாத கேள்வி அது ஒண்ணுதான் அண்ணி. அதை விட்டுட்டு மத்ததை எல்லாம் சரியாப் போட்டா, நீங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும். அதை மட்டும் கையால செஞ்சு முடிச்சுடணும்னு இருந்துச்சு. கழட்டி கழட்டி மாட்டிட்டே இருந்தேன்."

அண்ணி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு லாரி போய் அதன் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"எப்படி மாட்டினே? சொல்லு."

சின்னு படியின் மேல் விரலால் வரைந்தாள். வெளியில் இருந்து வரும் இணையக் கம்பி மோடத்துக்குள். இதிலிருந்து ரூட்டருக்கு. ரூட்டரிலிருந்து சுவிட்சுக்கு. சுவிட்சிலிருந்து மேஜைகளுக்கு. வயர்லெஸ் பெட்டி கூடத்தின் நடுவில், உயரத்தில்.

அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்காவது ஒரு தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"நானும் இப்படித்தான் மாட்டினேன்," என்றாள் கடைசியில்.

சின்னு தலையசைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அண்ணியின் கைபேசி அடித்தது. கண்ணாடிக்காரர்.

"இப்போ சொல்லாதீங்க," என்று சின்னு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போன்ல வேண்டாம். அண்ணனை நேர்ல பார்த்து நானே சொல்லிக்கறேன்."

அண்ணி எடுத்தாள். "என்னங்க."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்னாச்சு?"

தன்னுடையதைச் சொன்னால் அடுத்த கேள்வி தங்கையைப் பற்றித்தான் இருக்கும். அண்ணி தெருவைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்து சொல்றேனே."

முடிவு அங்கேயே திரையில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சின்னு பலமுறை சொல்லியிருக்கிறாள். தேர்ச்சி பெற்றவர்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று சொல்லமாட்டார்கள். வீட்டில் மாதக்கணக்காகப் படித்தவள் ஒருத்தி. ஒரு பக்கமும் புரட்டாதவள் ஒருத்தி. அவருக்குக் கணக்குப் போட அதிக நேரம் தேவைப்படவில்லை.

"சரி விடும்மா," என்றார். குரலை எவ்வளவு மிருதுவாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கியிருந்தார். "பரீட்சைதானே. இதனால உன் வேலை ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. மறுபடி எழுதிக்கலாம்."

அண்ணியின் பைக்குள் மதிப்பெண் தாள் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. படியில் சின்னு குனிந்து, தான் விரலால் வரைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள் அண்ணி.

"சின்னு பக்கத்துல இருக்காளா? அவளையே உனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்றேன். கௌரவம் பார்க்காம உட்கார்ந்து படி. அவ நல்லாச் சொல்லிக் குடுப்பா."

"தெரியும். நல்லாத்தான் சொல்லிக் குடுப்பா."

சின்னு நிமிர்ந்தாள். கைபேசியிலிருந்து கசிந்த குரல் அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"நாளைக்கு அந்த அனுமதி விஷயம் ஒண்ணு இருக்கே," என்றார் அவர். "அதுக்கும் கவலைப்படாதே. உங்க புது மேலாளர் இப்போ இங்க கடையிலதான் இருக்கார். நீ அனுப்பி வச்சியாமே, கண்ணு பரிசோதனைக்கு. நல்ல மனுஷனாத் தெரியறார். உனக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கறேன்."

"என்னங்க, வேண்டாம். இருங்க, நான்..."

இணைப்பு போய்விட்டது.

அண்ணி திரும்ப அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பரிசோதனை அறைக்குள் போகும்போது அவர் கைபேசியை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்.

"ஏன் அண்ணி ம்னு சொன்னீங்க?" என்றாள் சின்னு. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். "என்னை யாரு காப்பாத்தச் சொன்னா? நீங்க பெயில்னு அவர் போய் உங்க மேலாளர் கால்ல விழப்போறார்."

"விழமாட்டார். ஆனா கெஞ்சுவார்."

"எந்திரிங்க. பஸ் வேண்டாம், டாக்ஸி பிடிப்போம். நான் பெயில்னு நான்தான் சொல்லணும். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள போகணும்."

இருவரும் தெருமுனைக்கு ஓடினார்கள். அண்ணி ஓடிக்கொண்டே மறுபடியும் அழைத்தாள்.

கடையில் கைபேசி மேஜை மேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. பரிசோதனை அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். மேலாளர் கருவியின் தாங்கியில் தாடையை வைத்து, அசையாமல், சுவரில் ஒளிரும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் ஒரு வில்லையை மாற்றினார்.

"இது தெளிவா இருக்கா சார், முன்னாடி பார்த்ததா?"

"இதுதான்."

"அப்படியே இருங்க, ஆடாதீங்க," என்றார் கண்ணாடிக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் வீட்டுக்காரி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."